174 அடியா, 68 அடியா? ஒரு மார்மன் கோயில் கோபுரத்துக்காக ஒரு ஊரே மல்லுக்கட்டிய கதை!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபேர்வியூ என்று ஒரு சின்ன ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 10,372 பேர்தான். நம்ம ஊரில் சில பேரூராட்சிகளிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பாங்க. இந்த ஊர் 2024-லும் 2025-லும் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கோயில் கோபுரம் எத்தனை அடி உயரம் இருக்கலாம்?

கேட்க சிரிப்பா இருக்கலாம். ஆனா இந்த ஒரு கேள்விக்காக நள்ளிரவு வரை நீளும் கூட்டங்கள், வழக்குப் போடுவோம் என்ற நோட்டீஸ், சமரசப் பேச்சு, 'எங்க ஊரை வித்துட்டீங்க' என்று மன்ற உறுப்பினர்கள் மீது கோபம் என்று எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் சுமார் 1.7 கோடி உறுப்பினர்கள் கொண்ட உலகளாவிய சபை. இன்னொரு பக்கம் தனி வீடும் மரமும் இருட்டான வானமும்தான் எங்க அடையாளம் என்று சொல்லும் ஒரு குட்டி ஊர்.

என்ன நடந்தது? ஏன் ஊர் கடைசியில் இறங்கி வந்தது? பெங்களூருவில் எழும்பும் இந்தியாவின் முதல் மார்மன் கோயிலுக்கு ஏன் இந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை? வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

யார் இந்த மார்மன்கள்?

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை இது. அதிகாரபூர்வப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பைபிளோடு சேர்த்து 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாக ஏற்பதால் மற்றவர்கள் இவர்களை மார்மன்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி.

2018-ல் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், 'எங்களை மார்மன்கள் என்று அழைக்காதீர்கள், முழுப் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். அதனால இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் 'சபை' என்றே சொல்கிறோம். ஆனா கூகுளில் தேடுற எல்லாருமே 'மார்மன் கோயில்' என்றுதான் தேடுறாங்க. அந்த வார்த்தையையும் முழுசா விட முடியலை.

சர்ச் இருக்கும்போது தனியா எதுக்கு கோயில்?

இந்த வித்தியாசம் புரியாமல் கோபுரச் சண்டை புரியாது. அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

இந்தச் சபைக்கு இரண்டு வகைக் கட்டடங்கள் உண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற சாதாரண சபைக் கூடம். யார் வேணும்னாலும் உள்ளே போகலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கு. இன்னொன்றுதான் கோயில். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூட்டியிருக்கும்! திறந்திருக்கும் நாள்களிலும் எல்லாரும் நுழைய முடியாது. சபை உறுப்பினராக இருக்கணும், உள்ளூர்ச் சபைத் தலைவர்களிடம் நேர்காணல் முடித்து, 'இவர் தகுதியானவர்' என்று ஒரு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கணும். மது, புகையிலை, காபி, டீ கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுத்திருக்கணும். இப்படி நிபந்தனைகள் நிறைய.

உள்ளே என்ன நடக்கும்? முக்கியமா மூன்று சடங்குகள். கணவன், மனைவி, பிள்ளைகளைச் சாவுக்குப் பிறகும் பிரியாதபடி 'முத்திரையிடும்' திருமணச் சடங்கு ஒன்று. கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் சடங்கு இன்னொன்று. மூன்றாவதுதான் வெளியாட்களுக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும். இறந்துபோன முன்னோர்களுக்காக, உயிரோடு இருப்பவர்கள் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வாங்க. அதுக்கான தொட்டி பன்னிரண்டு காளை மாடுகளின் முதுகில் நிற்கிற மாதிரி செய்யப்பட்டிருக்கும். தாத்தா, பூட்டன், அவருக்கு முந்தையவர் என்று பெயர் தேடிப் போகும் இந்த நம்பிக்கைதான், இந்தச் சபை உலகின் மிகப் பெரிய வம்சாவளி ஆவணத் தொகுப்புகளில் ஒன்றை வைத்திருப்பதற்கும் காரணம்.

ஆகவே பக்கத்து ஊரில் கோயில் இல்லை என்றால், ஒரு மார்மன் குடும்பத்துக்கு அது 'கொஞ்சம் தூரம், பரவாயில்லை' என்ற விஷயம் இல்லை. முத்திரைத் திருமணம், முன்னோர் கடமை, குடும்பத்தின் நித்தியம் எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள் மட்டும்தான் நடக்க முடியும். இதை மனசில் வைத்துக்கொண்டால்தான், சபை ஏன் இவ்வளவு பிடிவாதமா நிற்குதுன்னு புரியும்.

ஏன் திடீர்னு இவ்வளவு கோயில்கள்?

சால்ட் லேக் சிட்டியின் புகழ்பெற்ற கோயிலைக் கட்டி முடிக்க 40 ஆண்டுகள் ஆனது. 1853-ல் தொடங்கி 1893-ல்தான் முடிந்தது. அடுத்த நூறு ஆண்டுகளிலும் கோயில்கள் நிதானமாகத்தான் கூடின.

2018-ல் நெல்சன் தலைவரானபோது கதை மாறியது. இதய அறுவை சிகிச்சை நிபுணரான அவர், 93 வயதில் பொறுப்பேற்று, 2025 செப்டம்பரில் 101 வயதில் இறக்கும் வரை 200 புதிய கோயில்களை அறிவித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பொது மாநாட்டின் முடிவில் ஊர்ப் பெயர்களை அவர் வரிசையா வாசிப்பார். எந்த ஊர் வரும்னு உலகம் முழுக்க உறுப்பினர்கள் தேர்வு ரிசல்ட் மாதிரி காத்திருப்பாங்க.

வேகத்துக்கு ஏத்த மாதிரி கட்டுமான முறையும் மாறியது. மொன்டானா மாநிலத்தின் ஹெலினா கோயிலை அலபாமா தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து, லாரியில் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். 2021 ஜூனில் அடிக்கல், 2023 ஜூனில் பிரதிஷ்டை. எங்கே 40 வருஷம், எங்கே 2 வருஷம்!

பணம்? கடன் வாங்கிக் கோயில் கட்டுவதில்லை. உறுப்பினர்கள் தரும் பத்தில் ஒரு பங்கு காணிக்கைதான் அடிப்படை. அதோடு பெரிய முதலீட்டுச் சொத்தும் இருக்கு. சபையின் முதலீட்டு நிறுவனம் வைத்திருந்த பங்குகள் 2018-க்குள் சுமார் 3,200 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்ததாகவும், அதைச் சரியாக வெளியே காட்டவில்லை என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் சொன்னது. சபையும் அந்த நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. இந்தத் தகவலை ஏன் இங்கே சொல்கிறோம் என்று பிறகு புரியும்.

ஃபேர்வியூ எப்படி வந்தது?

2022 அக்டோபர் மாநாட்டில் நெல்சன் 18 ஊர்களை வாசித்தார். அதில் ஒன்று டெக்சாஸின் 'பிராஸ்பர்'. ஃபேர்வியூ பெயர் அதில் இல்லை.

பிராஸ்பர், மெக்கின்னி, ஃப்ரிஸ்கோ, ஆலன், ஃபேர்வியூ எல்லாம் டல்லாஸ் நகருக்கு வடக்கே, பெரும்பாலும் காலின் கவுண்டியில் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள். அமெரிக்காவிலேயே வேகமாக வளரும் பகுதிகளில் ஒன்று. மெக்கின்னியில் 1990-ல் இருந்தவர்கள் 21,283 பேர். 2020-ல் 1,95,308 பேர். காலின் கவுண்டி மொத்தத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017-ல் பக்கத்து பிளேனோவுக்கு வந்தது. ஐடி வேலைக்காக வந்த இந்தியர்களும் இங்கே ஏராளம். ஃப்ரிஸ்கோவில் இருக்கும் காரிய சித்தி ஆஞ்சநேயர் கோயிலுக்கு வார இறுதியில் போனால் தெலுங்கும் தமிழும் காதில் விழாமல் திரும்ப முடியாது.

இந்தக் கூட்டத்தோடு மார்மன் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. டல்லாஸில் 1984-லிருந்து ஒரு கோயில் இருக்கு. ஆனா வடக்குப் புறநகர்கள் வளர வளர அது போதவில்லை என்பது சபையின் கணக்கு. இடம் தேடும்போது, ஃபேர்வியூவில் ஸ்டேசி சாலையில் தங்களிடம் ஏற்கனவே இருந்த சபைக் கூடத்துக்குப் பக்கத்து மனையையே தேர்ந்தெடுத்தார்கள். பெயர் 'மெக்கின்னி டெக்சாஸ் கோயில்' என்று மாறியது.

கவனிச்சீங்களா? கோயில் வரப்போவது ஃபேர்வியூவில். பெயரோ பக்கத்து ஊருடையது! சின்ன ஊர்க்காரர்களுக்கு இது முதல் எரிச்சல்.

35 அடி விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரும் தன் நிலத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கும். இங்கே வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை என்று. நம்ம ஊரில் மாஸ்டர் பிளானில் குடியிருப்பு, வணிகம் என்று கலர் போட்டுக் காட்டுவாங்களே, அதே மாதிரி. கோயில் வரவேண்டிய மனை, ஒரு ஏக்கருக்கு ஒரு வீடு என்ற கணக்கில் பிரிக்கப்பட்ட குடியிருப்பு மண்டலம். கட்டட உயரம் 35 அடிக்குள் இருக்கணும். தோராயமாக மூன்று மாடி.

வழிபாட்டுத் தலம் என்றால் அங்கே கட்டலாம், ஆனா நகர மன்றத்தின் சிறப்பு அனுமதி வேணும். முதலில் திட்டக் குழு, பிறகு மன்றம், இரண்டு இடத்திலும் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நம்ம தமிழ்நாட்டில் புதிதாக வழிபாட்டுத் தலம் கட்ட கலெக்டர் அனுமதி தேவைப்படுகிற மாதிரி. என்ன, அங்கே முடிவு எடுப்பவர்கள் அடுத்த தேர்தலில் இதே ஜனங்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள்.

சபை கொண்டுவந்த முதல் திட்டம், இரண்டு தளக் கட்டடம். உச்சியில் கூம்பு கோபுரம், தரையிலிருந்து சுமார் 174 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அதைவிடக் குறைவுதானேன்னு தோணலாம். ஆனா சுற்றிலும் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் மட்டுமே இருக்கும் இடத்தில் 174 அடியை நிறுத்திப் பாருங்க. அதோடு இரவில் அந்தக் கோபுரத்துக்கு விளக்கும் போடுவாங்க. இரவு வானம் இருட்டாகவே இருக்கணும் என்று வெளிச்சத்துக்கே விதி வைத்திருக்கும் ஊர் அது.

2024 மே மாதம் திட்டக் குழு இதை எதிர்த்தது. ஆகஸ்ட் 6-ம் தேதி நகர மன்றம் ஒருமனதாக நிராகரித்தது.

பிறகு ஏன் ஊர் இறங்கி வந்தது?

இங்கேதான் கதை மாறுது. வழக்குக்குத் தயார் என்று சபை சொன்னதும், இரு தரப்பும் 2024 நவம்பரில் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தன. வெளியே வந்தபோது ஒரு உடன்பாடு இருந்தது. கட்டடம் ஒரே தளம், பரப்பு சுமார் 30,000 சதுர அடி, கோபுரம் 120 அடி. அதாவது ஏறக்குறைய 54 அடி வெட்டு. ஆனா இது மன்றத்தைக் கட்டுப்படுத்தாத உடன்பாடு. மறுபடியும் மனு, மறுபடியும் ஓட்டெடுப்பு எல்லாம் வேணும்.

ஊர் கொதித்தது. '120 அடியும் எங்க விதியைப்போல மூணு மடங்குக்கு மேல. இதுக்கா பேசப் போனீங்க?' என்றார்கள் எதிர்ப்பாளர்கள். பக்கத்தில் இருக்கும் சபைக் கூடத்தின் கோபுரம் 68 அடி, அதே உயரத்தில் கட்டிக்கொள்ளட்டும் என்ற பேச்சு எழுந்தது. 2025 ஜனவரியில் ஊர் பின்வாங்குகிறது என்று சொல்லி சபை மறுபடி வழக்கு நோட்டீஸ் கொடுத்தது. கடைசியில் 2025 ஏப்ரல் 29-ம் தேதி, 5-க்கு 2 என்ற கணக்கில் மன்றம் 120 அடிக்கு நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது.

சுமார் ஒன்பது மாதத்துக்கு முன் ஒருமனதாக 'முடியாது' என்ற அதே மன்றம், இப்போ 'சரி' என்றது. மனசு மாறியதாலா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததால். வழக்குக்குப் போனால் தோற்க வாய்ப்பு இருக்கு, அதைத் தாங்க எங்க கஜானாவில் பணம் இல்லை என்பதுதான் ஓட்டுப் போட்டவர்களின் வாதம். மேலே சொன்ன 3,200 கோடி டாலரை இப்போ நினைத்துப் பாருங்க. பத்தாயிரம் பேர் வரி கட்டும் ஒரு ஊர், அந்த அளவு பணம் உள்ள எதிராளியோடு ஐந்தாறு வருஷம் கோர்ட்டில் நிற்கணும். தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸையும் கொடுக்க வேண்டி வரலாம்.

ஆனா பணத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சட்டமும் சபை பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கு.

அந்தச் சட்டம் என்ன?

இதிலும் ஒரு டெக்சாஸ் சின்ன ஊர் வருகிறது. பெயர் பர்னி. அங்கே ஒரு கத்தோலிக்க தேவாலயத்தில் கூட்டம் இடம் கொள்ளவில்லை. பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். பாரம்பரியக் கட்டடப் பகுதி, முடியாது என்றது நகர நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997-ல், மத சுதந்திரத்துக்காக நாடாளுமன்றம் 1993-ல் போட்ட சட்டம் மாநிலங்களையும் ஊர்களையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. ஊர் ஜெயித்தது.

மத அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கொதித்தன. விளைவு, 2000-ல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. நிலம், சிறை என்ற இரண்டு விஷயத்துக்கு மட்டுமான சட்டம். வக்கீல்கள் சுருக்கமா 'ரிலூப்பா' என்பாங்க. அதன் சாரம் இதுதான். நில விதியைக் காட்டி ஒரு மத அமைப்பின் வழிபாட்டுக்குக் கணிசமான சுமை ஏற்றக் கூடாது. ஏற்றினால், அதுக்குத் தட்ட முடியாத பொதுநலக் காரணம் இருக்கணும். அதையும் மிகக் குறைந்த கட்டுப்பாட்டோடு செய்யணும். ஒரு மதத்துக்கு ஒரு நியாயம், இன்னொரு மதத்துக்கு வேறு நியாயம் கூடவே கூடாது.

இது கிறிஸ்தவ சபைகளுக்கு மட்டும் உதவிய சட்டம் இல்லை. கலிபோர்னியாவின் சட்டர் கவுண்டியில் சீக்கியர்கள் குருத்வாரா கட்ட முதலில் குடியிருப்புப் பகுதியில் இடம் வாங்கினார்கள். சத்தம், டிராஃபிக் என்று மறுத்தார்கள். சரி என்று விவசாயப் பகுதியில் சுமார் 29 ஏக்கர் வாங்கினார்கள். அங்கேயும் மறுப்பு! 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே சட்டத்தின் கீழ் சீக்கியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கோபுரமும் மினாரும் எழுப்ப நினைக்கும் எல்லா சிறுபான்மை மதத்தவர்களுக்கும் இந்தச் சட்டம்தான் குடை.

ஃபேர்வியூ வழக்கில் ஊருக்கு இருந்த பலவீனம் ஒன்றைச் சொல்லியாகணும். சுமார் இருபது வருஷத்துக்கு முன் அதே ஸ்டேசி சாலையில் ஒரு மெத்தடிஸ்ட் சர்ச்சுக்கு 154 அடி மணிக்கூண்டு கட்ட ஊர் ஒப்புதல் கொடுத்திருந்தது. கடைசிவரை அது கட்டப்படவே இல்லை. ஆனா காகிதம் காகிதம்தானே! 'அவங்களுக்கு 154, எங்களுக்கு 68-ஆ?' என்று சபையின் வக்கீல் கோர்ட்டில் கேட்டால், பதில் சொல்வது லேசு இல்லை.

கோபுரம் நம்பிக்கையா, அலங்காரமா?

ஆனால் சபையின் வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கு. கோபுரம் வானத்தை நோக்கி உயர்வது எங்க வழிபாட்டின் பகுதி, அதனால உயரத்தைக் குறைப்பது எங்க மத சுதந்திரத்தைக் குறைப்பது என்பது அவர்கள் தரப்பு. எதிர்ப்பாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 1919-ல் திறந்த ஹவாயின் லாயே கோயிலுக்குக் கூம்பு இல்லை. கனடாவின் கார்ட்ஸ்டன், அரிசோனாவின் மேசா கோயில்களுக்கும் இல்லை. 2019-ல் திறந்த பாரிஸ் கோயிலுக்கும் இல்லை. அங்கெல்லாம் கும்பிடுவது கும்பிடு இல்லையா?

நல்ல கேள்விதான். ஆனா இந்தக் கேள்வியை ஒரு நீதிமன்றம் ஏற்கனவே கேட்டு, 'நாங்க கேட்கவே கூடாத கேள்வி' என்று முடிவுக்கு வந்திருக்கு.

பாஸ்டன் நகரை ஒட்டிய பெல்மான்ட்டில் 1990-களின் நடுவில் ஒரு கோயில் திட்டம் வந்தது. பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி குடியிருந்த ஊர் அது. முதலில் ஆறு கூம்புகள் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் கட்டடத்தைச் சின்னதாக்கி, ஒரே கூம்பு என்று இறங்கினார்கள். அதையும் எதிர்த்து அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். கூம்பு மத வழிபாட்டுக்கு அவசியம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 2000 அக்டோபரில் பாஸ்டன் கோயில் கோபுரம் இல்லாமலே பிரதிஷ்டை ஆனது.

2001 மே மாதம் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு கட்டட அம்சம் ஒரு மதத்துக்கு அவசியமா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த ஆண்டு செப்டம்பரில் கூம்பு ஏறியது. யோசித்துப் பார்த்தால் நியாயமாத்தான் படுது. ராஜகோபுரம் இல்லாமலும் சிவன் கோயில் இருக்கே, அதனால இந்தக் கோயிலுக்குக் கோபுரம் தேவையில்லை என்று ஒரு ஜட்ஜ் சொன்னால் நாம ஒத்துக்குவோமா?

ஆனா அதுக்காக எந்த உயரமும் சரி என்றும் ஆகிவிடாது. பெல்மான்ட்டில் ஆறு ஒன்றானது. ஃபேர்வியூவில் 174 என்பது 120 ஆனது. லாஸ் வேகஸின் லோன் மவுன்டன் கோயிலுக்கு 216 அடி கேட்டு, 196 அடிக்கு 2024 ஜூலையில் அனுமதி கிடைத்தது. வயோமிங்கின் கோடி நகரில் 101 அடிக் கோபுரத்துக்கே அக்கம்பக்கத்தார் கோர்ட் படி ஏறினார்கள். பெரிதாகக் கேட்டு, எதிர்ப்பு வந்தால் கொஞ்சம் குறைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் வருவதைத் தவிர்க்க முடியலை. 'முதல் நாளே 120 என்று வந்திருந்தால் இவ்வளவு மனக்கசப்பு இருந்திருக்காது' என்று சொல்வதில் நியாயம் இருக்கு. வந்திருந்தால் ஊர் அதையும் 80-க்கு இறக்கியிருக்கும் என்று சபை தரப்பு சொன்னால், அதையும் சும்மா தள்ளிவிட முடியாது.

ஃபேர்வியூ ஊருக்கு ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. கோயிலின் பெயர் 'ஃபேர்வியூ டெக்சாஸ் கோயில்' என்று மாற்றப்பட்டது.

நம்ம பக்கத்தில் என்ன நிலவரம்?

இதே சபையின் இந்தியாவின் முதல் கோயில் பெங்களூருவுக்கு வருகிறது. 2018 ஏப்ரல் 1-ம் தேதி, தலைவராகத் தன் முதல் மாநாட்டிலேயே நெல்சன் அறிவித்த ஏழு கோயில்களில் இதுவும் ஒன்று. சில நாள்களிலேயே அவர் பெங்களூருவுக்கு நேரிலும் வந்தார். 2020 டிசம்பர் 2-ம் தேதி, கொரோனா காலம் என்பதால் கொஞ்சம் பேரோடு அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்தச் சபைக்கும் தமிழ்நாட்டுக்கும் இருக்கும் தொடர்பு புதுசு இல்லை. 1853-லேயே யூட்டாவிலிருந்து கப்பலில் மதராஸ் வந்து பிரசாரம் செய்திருக்கிறார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை, அடுத்த ஆண்டுகளில் கிளம்பிவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தானாகவே சபைக்குக் கடிதம் எழுதி, 1965-ல் சேர்ந்தார். இன்று நாடு முழுக்க சுமார் 15,000 உறுப்பினர்கள். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, தமிழ்நாடு என்று தெற்கில்தான் அதிகம். பல சபைகள் சேர்ந்த முதல் இந்திய மண்டலம் 2012-ல் ஐதராபாத்தில் அமைந்தது.

15,000 பேருக்கு ஒரு கோயிலா என்று கேட்கலாம். பல வருஷம் அவங்க கோயிலுக்குப் போனது எங்கே தெரியுமா? ஹாங்காங்! கல்யாணமான தம்பதி, பிள்ளைகளோடு சேர்ந்து முத்திரைச் சடங்கு செய்ய பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் எல்லாம் வேணும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது வருஷக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டிய காசு. ஹாங்காங் கோயிலும் 2019-ல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டு, 2022-ல்தான் மறுபடி திறந்தது. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம் என்ற தூரத்தில் ஒரு கோயில் வருவது அவர்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவே வேணாம்.

சரி, பெங்களூருவில் ஏன் ஃபேர்வியூ மாதிரி கலாட்டா இல்லை? முக்கியக் காரணம் இடம். பெங்களூரு கோயில் நகரின் கிழக்கே, ஐடி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் நெருக்கும் ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் வருகிறது. மனை இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடத்தில் ஒரு கூம்பு யார் வீட்டு வானத்தையும் மறைக்கப்போவதில்லை. நிலத்தின் விலையும் நெரிசலும்தான் அங்கே சவால், உயரம் இல்லை.

இன்னொரு காரணம் நமக்கே தெரியும். கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுற ஜனங்க நாம. 35 அடிக்கு மேல் எது தெரிந்தாலும் ஊர் கெட்டுவிட்டது என்று வருத்தப்படுற ஒரு டெக்சாஸ்காரருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.

மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனா ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. எந்த மார்மன் கோயிலும் கட்டி முடிந்ததும், பிரதிஷ்டைக்கு முன்னாடி சில வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவாங்க. கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் போகலாம். செருப்புக்கு மேல் போட்டுக்க வெள்ளை உறை ஒன்று கொடுப்பாங்க. பன்னிரண்டு காளைகள் தாங்கும் தொட்டி, எதிரெதிர்க் கண்ணாடிகளில் நம்ம உருவம் முடிவில்லாமல் தெரியும் முத்திரை அறை, பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கூடம் எல்லாம் அப்போ பார்த்துக்கலாம். பிரதிஷ்டை முடிந்துவிட்டால், அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும்தான். பெரிய அளவில் புதுப்பித்தால், மறு பிரதிஷ்டைக்கு முன் இன்னொரு முறை திறப்பார்கள். அதுக்குச் சில பத்தாண்டுகள் ஆகலாம்.